கோவிலும் வேண்டாம், குட்டிச்சுவரும் வேண்டாம்

நம்மை ஆண்டவர்கள் குடியிருந்த மாளிகைகளை அவர்கள் போன பிறகு என்ன செய்வது என்ற கேள்வி நம் நாட்டில் அடிக்கடி கிளம்புகிறது. கிளம்பிய வேகத்திலேயே அடங்கியும் விடுகிறது. ஏனென்றால் இக்கேள்வியைக் கிளப்புகிறவர்களில் பெரும்பாலோருக்குக் கட்டடத்தைப் பற்றியோ ஜனங்களைப் பற்றியோ கவலை கிடையாது. ஒரு சாரார், “எங்கள் தலைவர் படுத்த கட்டிலும் உட்கார்ந்த நாற்காலியும் இருந்த இடம் இது, இதை அப்படியே வைத்து விளக்கேற்ற வேண்டும்” என்பார்கள். மற்றொரு சாரார், “வெள்ளைக்காரன் கட்டின வீடு நமக்கெதற்கு? இடித்துத் தள்ளு” என்பார்கள். முன்னவருக்கு வேண்டியது ஒரு கோவில். பின்னவருக்கு வேண்டியது ஒரு காலிமனை. நடுவில், அந்த வீட்டைக் கட்ட வரி கொடுத்த குடியானவனுடைய அபிப்பிராயத்தைக் கேட்டவர் யாரும் இல்லை.

நாம் இவ்விரு சாராரையும் ஒப்புக்கொள்வதற்கில்லை. ஆண்டவர்களின் வீடுகள் இடிக்கப்படாமலிருக்க வேண்டும், பூட்டப்படாமலும் இருக்க வேண்டும், குப்பனும் சுப்பனும் எவருடைய தயவும் இன்றி உள்ளே போய்வர உரிமை இருக்க வேண்டும் என்பதே நம் அபிப்பிராயம். அங்கே வாழ்ந்தவர்கள் மகாத்மாக்கள் என்பதற்காக நாம் இப்படிச் சொல்லவில்லை. பணம் கொடுத்தவனுக்குக் கணக்குப் பார்க்கும் பாத்தியதை உண்டு என்பதற்காகவே சொல்லுகிறோம்.

முதலில் நம் சென்னையிலேயே நடந்ததைப் பார்ப்போம். அண்ணா சாலையும் வாலாஜா சாலையும் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் இன்று ஓமந்தூரார் பெயரால் வழங்கும் பெரிய தோட்டம் ஒன்று இருப்பது பட்டணம் வந்துபோகும் கிராமத்துத் தோழர்களுக்கும் தெரியும். அங்கேதான் சென்னை மாகாணத்துக் கவர்னர்களின் மாளிகை இருந்தது. 1753இல் மதேரோஸ் என்ற போர்த்துகீசிய வர்த்தகக் குடும்பத்து விதவையிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியார் அத்தோட்ட வீட்டை வாங்கினார்கள். பிளாசி யுத்தம் செய்த கிளைவின் மகன் இன்னொரு கிளைவ் 1798 முதல் 1803 வரை இங்கே கவர்னராக இருந்தபோது அதைப் பெரிதாக்கினான். அதோடு, பக்கத்திலேயே விருந்துக்கென்று ஒரு தனி மண்டபத்தையும் எழுப்பினான். நட்சத்திரம் பார்க்கக் கம்பெனியார் சம்பளம் கொடுத்து வைத்திருந்த கோல்டிங்காம் என்பவர் படம் போட்டுக் கொடுக்க, 1802இல் அது முடிந்தது. கிரேக்க நாட்டுக் கோவில் மாதிரியில் தூண் நிறுத்திக் கட்டப்பட்ட மண்டபம் அது. எதற்காகக் கோவில் மாதிரி? 1757இல் வங்காளத்தில் பிளாசியில் ஜெயித்ததையும், 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானைக் கொன்றதையும் கொண்டாடுவதற்காக. அதன் முகப்புகளில் அந்த வெற்றிகளின் சின்னங்களையே செதுக்கியும் வைத்தார்கள். அதுதான் பின்னாளில் ராஜாஜி மண்டபம் என்று பெயர் மாற்றப்பட்டது.

வெள்ளைக்காரத் துரைகளும் துரைசானிகளும், அவர்களுக்குச் சலாம் போட்டுப் பட்டம் வாங்கிய ஜமீன்தார்களும் கூடிக் குடித்துக் களித்த அந்த மண்டபத்திலேதான் 1969இல் அண்ணாவின் உடல் வைக்கப்பட்டது. 1973 டிசம்பரில் பெரியாரின் உடல் வைக்கப்பட்டதும் அங்கேதான். 1975இல் காமராசர், 2018இல் கலைஞர், எல்லாரும் கடைசியாக அங்கே கிடத்தப்பட்டவர்களே. செருப்பில்லாத காலோடு லட்சக்கணக்கான ஜனங்கள் அந்தப் படிகளில் ஏறினார்கள். திப்புவைக் கொன்ற சந்தோஷத்தில் கட்டின மண்டபத்தில் ஈரோட்டுக் கிழவரின் உடலைப் பார்க்க நம் ஜனங்கள் ஏறிப்போனதற்கு மேல் ஒரு சரித்திரப் பாடத்தை எந்தப் புஸ்தகம் சொல்லித்தரும்? அந்த மண்டபம் நின்றதால்தான் இதைச் சொல்ல முடிகிறது.

ஆனால் மண்டபம் நின்றது, மாளிகை நிற்கவில்லை. 1947க்குப் பின் கவர்னர் கிண்டிக்கே போய்விட்டபடியால், பழைய மாளிகை வேறு காரியங்களுக்கு உபயோகமாகி வந்தது. 2008ஆம் ஆண்டு வாக்கில், புதிய சட்டசபையும் தலைமைச் செயலகமும் கட்டுவதற்காக அது இடிக்கப்பட்டுவிட்டது. இடித்தது யார்? நம் எதிரிகள் அல்ல, நம் இயக்கத்தின் வழிவந்தவர்கள் என்று சொல்லிக்கொள்ளும் சர்க்காரே. நம்மவர் செய்தால் நியாயம், பிறத்தியார் செய்தால் அநியாயம் என்று பேசுவது புராணிகர்களுடைய வழக்கம். நமக்கு அது கூடாது.

அவ்வளவு செலவிட்டுக் கட்டப்பட்ட புதிய கட்டடம் 2010 மார்ச்சில் திறக்கப்பட்டது. ஓராண்டு கூடச் சட்டசபை அங்கே நிலைக்கவில்லை. 2011இல் சர்க்கார் மாறியது, சட்டசபை திரும்பவும் ஜார்ஜ் கோட்டைக்கே போயிற்று. புதிய கட்டடம் 2014இல் ஆஸ்பத்திரியானது. ஆஸ்பத்திரி நல்ல காரியந்தான், அதில் நமக்கு ஒரு குறையும் இல்லை. வெள்ளைக்காரன் வீடு நமக்கெதற்கு என்று கேட்டவர்களை மட்டும் ஒரு கேள்வி கேட்கிறோம். வெள்ளைக்காரன் வீட்டை இடித்தீர்கள். வெள்ளைக்காரன் கோட்டைக்குள் உட்கார்ந்துதானே இன்னும் சட்டம் செய்கிறீர்கள்? அப்போது ரோஷம் எங்கே போயிற்று? ஆகவே ரோஷம் என்பது வெறும் சாக்கு. மனையின் மதிப்புத்தான் காரணம் என்று கிராமத்தான்கூடச் சொல்லிவிடுவான்.

“போனது துரை வீடுதானே, அதற்காக நாம் ஏன் அழவேண்டும்?” என்று கேட்கும் தோழர்கள் உண்டு. நாம் அழவில்லை. ஒரு வழக்கில் சாட்சியை எதிரி கலைத்தால் நமக்குக் கோபம் வருகிறது. நம் கையாலேயே நம் சாட்சியைக் கொன்றால் என்ன சொல்வது? இருநூறு வருஷம் நம்மை ஆண்டவர்கள் எத்தனை அறையில் வாழ்ந்தார்கள், எத்தனை பேர் அவர்களுக்குப் பங்கா இழுத்தார்கள், பங்கா இழுத்தவன் எந்த மூலையில் படுத்தான் என்பதற்கெல்லாம் அந்தச் சுவர்கள்தான் சாட்சி. அந்நாளைய துரை வீடுகளின் அடுப்பங்கரையில் மாட்டிறைச்சி வேகும் என்பதால் மேல்ஜாதிக்காரன் அந்த வேலைக்குப் போகமாட்டான். கச்சேரியில் குமாஸ்தா வேலைக்கு மட்டும் முந்திக்கொண்டு போவான். சட்டி கழுவவும், குதிரைக்குப் புல் வெட்டவும், குழந்தையைத் தூக்கவும் போனவர்களில் ஆதிதிராவிடத் தோழர்கள் ஏராளம். அவர்களுடைய பெயர் எந்தக் கல்வெட்டில் இருக்கிறது? இடித்த மாளிகையோடு அவர்கள் படுத்த கொட்டகையும் போயிற்று. கவர்னர்களின் எண்ணெய்ச் சித்திரங்கள் மட்டும் எங்கேயாவது பத்திரமாக மாட்டப்பட்டிருக்கும்.

இடிப்பது ஏதோ நாகரிக காலத்து வழக்கம் என்றும் நினைக்க வேண்டாம். மதுரையில் திருமலை நாயக்கர் கட்டின மகாலை அவருடைய பேரன் சொக்கநாத நாயக்கரே பிரித்துத் திருச்சிராப்பள்ளிக்குச் சாமான் கொண்டுபோனார். இன்று நிற்பது பழைய மாளிகையில் நாலில் ஒரு பங்கு என்பார்கள். அதுவும் 1866 முதல் 1872 வரை கவர்னராக இருந்த நேப்பியர் பிரபு பழுது பார்த்திராவிட்டால் மண்மேடாகியிருக்கும். இன்று மதுரைக்குச் சந்தைக்குப் போகும் குடியானவனும் சீட்டு வாங்கிக்கொண்டு அந்தத் தூண்களுக்கடியில் போய் நிற்கிறான். ராஜா உட்கார்ந்த இடத்தில் அவன் பிள்ளை ஓடி விளையாடுகிறான். நாம் கேட்பது இதைத்தான்.

அடுத்து, உதகமண்டலத்து மாளிகை. வெயில் காலம் வந்தால் கவர்னர் மாத்திரமல்ல, சர்க்காரே மூட்டை கட்டிக்கொண்டு மலையேறிவிடும் வழக்கம் வெள்ளையர் காலத்தில் இருந்தது. அங்கே கவர்னருக்கென்று ஒரு மாளிகை, 1875 முதல் 1880 வரை கவர்னராக இருந்த பக்கிங்காம் பிரபுவின் காலத்தில் எழுந்தது. அந்த வருஷங்கள் எந்த வருஷங்கள் என்று நம் கிராமத்துப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். தாது வருஷப் பஞ்சம் என்று பாட்டிமார் கதையாகச் சொல்லிவந்தது 1876 முதல் 1878 வரை நடந்த அந்தக் கொடுமையைத்தான். மாகாணத்தில் லட்சம் லட்சமாக ஜனங்கள் செத்தார்கள். நிவாரண வேலைக்குப் போன ஆண்பிள்ளைக்கு, சர் ரிச்சர்ட் டெம்பிள் என்ற உத்தியோகஸ்தர் செய்த ஏற்பாட்டின்படி, நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் கூலி. மண் வெட்டுகிறவனுக்கு ஒரு பவுண்டு தானியம்! சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் சேர்த்து அப்படி வெட்டப்பட்ட வாய்க்காலுக்கு பக்கிங்காம் கால்வாய் என்று பெயர். வெட்டினவர்களின் பெயர் யாருக்குத் தெரியும்?

இந்த மாளிகையை இடிக்க வேண்டும் என்று நாம் சொல்லமாட்டோம். அதன் பெரிய கூடத்துச் சுவரில், கண்ணுக்குத் தெரியும் எழுத்தில், அந்த ஒரு பவுண்டு தானியக் கணக்கை எழுதிவைக்க வேண்டும் என்று சொல்லுகிறோம். உதகைக்குப் பூந்தோட்டம் பார்க்கப் போகிறவர்கள், இந்தத் தோட்டக்காரன் யார் செலவில் பூ வளர்த்தான் என்பதையும் பார்த்துவிட்டு இறங்கட்டும்.

நிற்க. இனி டில்லியில் நடக்கும் சங்கதிக்கு வருவோம். அங்கே தலைவர் இறந்தால் அவர் குடியிருந்த சர்க்கார் பங்களாவை நினைவுச் சாலையாக்கும் வழக்கம் வெகுகாலமாக உண்டு. வெள்ளைக்காரச் சேனாதிபதிக்காக 1930இல் கட்டி முடித்த மாளிகையில் நேரு 1948 முதல் இருந்தார். 1964 மே 27இல் இறந்தார். அதே வருஷம் நவம்பர் 14இல் அது அவர் பெயரால் காட்சிசாலையாகிவிட்டது. ஆறு மாதங்கூட ஆகவில்லை. நல்ல வேகந்தான். அம்பேத்கர் 1956 டிசம்பர் 6இல் டில்லி அலிப்பூர் சாலையில் 26ஆம் எண் வீட்டில் இறந்தார். மந்திரி பதவியை 1951இல் விட்டபின் அவர் குடியிருந்த வீடு அது, சர்க்கார் வீடு அல்ல. அந்த வித்தியாசத்தை நாம் மறைக்கவில்லை. இருந்தாலும் இந்நாட்டுக்கு அரசியல் சட்டம் எழுதிக் கொடுத்தவருக்கு அவர் இறந்த இடத்தில் நினைவகம் திறக்கப்பட்டது 2018 ஏப்ரல் 13இல். அறுபத்தோரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. ஒருவருக்கு ஆறு மாதம், மற்றவருக்கு அறுபது வருஷம் என்பதற்கு வீட்டுப் பத்திரம் மட்டும் காரணமா, பிறந்த ஜாதியும் காரணமா என்பதை வாசகர்கள் யோசித்துக்கொள்ளட்டும்.

இந்த வழக்கத்தில் இன்னொரு கேடும் உண்டு. தகப்பன் பெயரைச் சொல்லி வீட்டைப் பிள்ளை வைத்துக்கொள்ளும் கேடு. 2014இல் தேர்தலில் தோற்றுச் சர்க்கார் வீட்டைக் காலி செய்ய வேண்டியிருந்த அஜித்சிங் என்பவரின் கட்சியார், அந்தத் துக்ளக் சாலை வீடு அவர் தகப்பனார் சரண்சிங் வாழ்ந்த வீடாகையால் நினைவிடமாக்க வேண்டும் என்று பெரிய கிளர்ச்சி செய்தார்கள். டில்லிக்குப் போகும் தண்ணீரைத் தடுப்போம் என்றுகூடக் கிளம்பினார்கள். அதன்பின் அதே வருஷம் அக்டோபரில், இனிமேல் சர்க்கார் பங்களாக்களை நினைவகமாக்குவதில்லை என்று மத்திய மந்திரிசபை தீர்மானித்தது. பேராசைக்காரர்களைத் தடுக்கும் மட்டும் அது சரி. ஆனால் அரிவாள்மணையில் விரல் பட்டதென்று காய்கறி நறுக்குவதையே விட்டுவிடுகிறவள் உண்டா? எந்த வீட்டுக்குச் சரித்திரம் உண்டு, எந்த வீடு வெறும் குடித்தனம் என்று பொறுக்கி எடுக்கச் சரித்திரம் அறிந்தவர்களைக் கொண்டு ஒரு கமிட்டி வைத்தால் தீர்ந்தது. நேருவின் மாளிகையும் பிறகு தப்பவில்லை. 2022இல் எல்லாப் பிரதமர்களுக்கும் உரிய காட்சிசாலையாக அது விரிவாக்கப்பட்டது. எல்லாருக்கும் இடம் என்பதில் தப்பில்லை. ஆனால் 2023இல் நேருவின் பெயரையே எடுத்துவிட்டார்கள். ஆளுகிற கட்சி மாறும்போதெல்லாம் பலகை மாறும் இடத்தில் சரித்திரம் எப்படித் தங்கும்?

இதையெல்லாம் நாம் இவ்வளவு விரித்துச் சொல்லக் காரணம் உண்டு. கோவில் என்ற நம் தமிழ்ச் சொல்லைப் பிரித்துப் பாருங்கள். கோ என்றால் அரசன், இல் என்றால் வீடு. அரசன் வீட்டுக்கு இருந்த பெயர்தான் சாமி வீட்டுக்கும் பெயராயிற்று. ஆண்டவன் என்ற சொல்லும் அப்படியே. ஆண்டவனுக்குச் செய்த மேளம், தாளம், குடை, சாமரம், பள்ளியறை எல்லாம் கல்லுக்கும் செய்யப்பட்டன. அரசனிடம் நெருங்க ஒரு கூட்டத்தாருக்கு மட்டும் உரிமை இருந்தாற்போலவே, கர்ப்பக்கிரகத்துக்குள்ளும் ஒரு கூட்டத்தாருக்கு மட்டும் உரிமை ஏற்பட்டது. ஆகையால் தலைவர் வீட்டுக்குள் விளக்கும் மாலையும் பூட்டிய அறையும் வந்தால், இன்னும் நூறு வருஷத்தில் அங்கே தட்டு ஏந்திக்கொண்டு ஒருவன் நிற்பான். நம் தலைவர்கள் வீடுகளிலும் இது வரலாம் என்பதை மறக்க வேண்டாம். காமராசர் முதல் மந்திரியாக இருந்தபோதும் தியாகராய நகரில் வாடகை வீட்டில்தான் இருந்தார். அது இன்று நினைவகம். அங்கே போகிறவன் பார்க்க வேண்டியது, ஒன்பது வருஷம் ராஜ்யத்தை ஆண்டவனுக்குச் சொந்த வீடில்லை என்ற சங்கதியை. கன்னத்தில் போட்டுக்கொண்டு வந்துவிட்டால் அந்தச் சங்கதி மண்டையில் ஏறாது.

மற்ற நாட்டார் என்ன செய்தார்கள்? பிரெஞ்சுக்காரர்கள் ராஜாவைத் தள்ளினார்கள், ஆனால் ராஜாக்கள் வாழ்ந்த லூவர் அரண்மனையைத் தள்ளாமல் 1793இல் ஜனங்களுக்குக் காட்சிசாலையாகத் திறந்துவிட்டார்கள். ரஷியாவில் 1917இல் ஜார் சக்கரவர்த்தியின் குளிர்கால அரண்மனையைப் பிடித்த தொழிலாளர் சர்க்கார், அதே மாதத்தில் அதைக் காட்சிசாலை என்று பிரகடனம் செய்தது. துருக்கியில் கமால் பாட்சா சர்க்கார் 1924இல் கலீபாவை அனுப்பிவிட்டு, சுல்தான்கள் நானூறு வருஷம் வாழ்ந்த டோப்காப்பி அரண்மனையின் கதவை அதே வருஷம் பொது ஜனங்களுக்குத் திறந்தது. சுல்தானின் அந்தப்புரத்தையும் பின்னால் சீட்டு வாங்கிப் பார்க்க வைத்துவிட்டார்கள். புரட்சி செய்தவர்களே இடிக்கவில்லை. நம்மில் புரட்சி செய்யாதவர்களுக்குத்தான் கடப்பாரை மேல் ஆசை.

இந்நாட்டிலும் நல்ல முன்மாதிரி இல்லாமலில்லை. 340 அறையுள்ள டில்லி ராஷ்டிரபதி பவனைச் சுற்றிப் பார்க்க ஜனங்களை விடுகிறார்கள். ஐதராபாத்துக்கடுத்த பொல்லாரத்தில் ஜனாதிபதி வருஷத்தில் சில நாள் மட்டும் தங்கும் மாளிகையும் 2023 முதல் வருஷம் முழுவதும் பொதுமக்களுக்குத் திறந்திருக்க ஏற்பாடாயிற்று. ஜனாதிபதியின் வீட்டுக்குள் போகலாம் என்றால் கவர்னர் வீட்டுக்குள் போவதில் என்ன ஆபத்து வந்துவிடும்?

கிண்டியில் முன்கூட்டிப் பதிவு செய்தவர்களைச் சுற்றிக்காட்டி அனுப்பும் ஏற்பாடு சில சமயம் நடந்ததுண்டு. 2023இல் நவராத்திரிக் கொலு பார்க்கப் பதிவு செய்துகொண்டு வரலாம் என்றும் அறிவித்தார்கள். பொம்மை பார்க்க வா, கணக்குப் பார்க்க வராதே என்பது எவ்வளவு யோக்கியமான அழைப்பு! கிறிஸ்தவனும் முஸ்லிமும் நாஸ்திகனும் சேர்ந்து கொடுக்கும் வரியில் நடக்கும் வீட்டின் கதவு, ஒரு மதத்தின் பண்டிகைக்காகத் திறக்கப்படுகிறது. இதற்கிடையில் 2025 முடிவில் பல மாகாணங்களில் ராஜ்பவன் என்ற பெயர் லோக்பவன் என்று மாறியது. ராஜா போய் ஜனம் வந்ததாம். அதைக்கூட ஜனத்துக்குப் புரியும் பாஷையில் சொல்லவில்லை. பெயரில் வந்த ஜனம் வாசலில் சிப்பாயிடம் அல்லவா நின்றுகொண்டிருக்கிறது? கவர்னருடைய சம்பளமும் படியும், அரசியல் சட்டத்தின் 202ஆவது ஷரத்துப்படி, சட்டசபையின் ஓட்டுக்கு விடாமலே மாகாணப் பொக்கிஷத்தில் வைக்கப்படும் செலவு. ஓட்டுப் போடத்தான் உரிமை இல்லை, கண்ணால் பார்க்கவாவது உரிமை வேண்டாமா?

ஆகவே சர்க்காரை நாம் கேட்பது இது. உதகை மாளிகையைக் கவர்னர் தங்காத நாளெல்லாம் திறந்துவிட வேண்டும். கிண்டியில் கவர்னர் குடியிருக்கும் பாகத்தை விட்டு மற்றதைக் கிழமை குறித்துத் திறக்க வேண்டும். ராஜாஜி மண்டபம் பெரியவர்கள் சாகும்போது மட்டும் நினைவுக்கு வரும் இடமாக இருக்கக்கூடாது. இடிந்துபோன மாளிகையின் படங்களையும் வரைபடங்களையும் செலவுக் கணக்குகளையும் தேடித் திரட்டி அங்கே வைக்க வேண்டும், வேலைக்காரர் சம்பளப் பட்டி அகப்பட்டால் கவர்னர் சித்திரத்துக்குச் சமமாக மாட்ட வேண்டும். எந்த மதத்துச் சடங்கும் அவ்விடங்களில் கூடாது. பள்ளிப் பிள்ளைகளுக்கும் கூலிக்காரருக்கும் கட்டணம் கூடாது. எந்தக் கிழமை, எத்தனை மணிக்குத் திறந்திருக்கும் என்பதை வாசலில் பெரிய எழுத்தில் தமிழில் எழுதி மாட்ட வேண்டும். அந்தப் பலகைக்கு ஆகும் செலவு கொலுப்படிக்கு ஆகும் செலவை விடக் குறைவாகவே இருக்கும்.